படத்துக்குப் பின்னால் ஒரு வரி

இலோய்லோ என்ற தீவுத் துறைமுக நகரத்தின் ஹாரோ பகுதியில், ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தில் பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். பதினோரு பேரில் பத்துப் பேருக்கு மரிவிக் ஃபமாதித்தைக் கண்டால் பயம். மிச்சமிருந்த ஒருத்தி மரிவிக்தான்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் செருப்புக் கடை, பூக்கடை, கடலோர ஓட்டல் எல்லாம் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் வண்ண வண்ண மெயில்கள் இந்த மாடியில்தான் உருவாயின. படம் போடுவது ஜிங்கியின் வேலை. இருபத்து மூன்று வயசு, நகத்துக்கு நாளொரு நிறம், வாய்க்குப் பூட்டே கிடையாது. அந்தப் படத்தை வாங்கி, பிரித்து, கட்டங்கட்டமாக அடுக்கி, உலகத்தில் எந்த மெயில் பெட்டியில் திறந்தாலும் குலையாமல் நிற்கும்படி எழுதுவது மரிவிக்கின் வேலை.

அது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் ஒரு நாள் செய்து பார்க்கவேண்டும். வெப்சைட்டுகளுக்கு அடிதடி எல்லாம் ஓய்ந்து ஒரு மாதிரி பொதுச் சட்டம் வந்துவிட்டது. மெயிலுக்கு நாதி இல்லை. ஒரு புரோகிராம் படத்தை மறைக்கும். ஒன்று நிறத்தை முழுங்கும். ஒன்று இடது பக்கம் இருப்பதைக் கீழே தள்ளிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். ஊரில் பாதி அலுவலகங்கள் வைத்திருந்த ஒரு புரோகிராம், புதுப் பதிப்பு என்று வந்து, பழையதில் ஒழுங்காகத் தெரிந்ததையும் கெடுத்து வைத்தது. அதனால் மரிவிக் தன் மேஜைக்குப் பக்கத்தில் ஏழு கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்திருந்தாள். ஏழிலும் ஏழு விதமான மெயில் புரோகிராம். எழுதி முடித்ததை ஏழுக்கும் அனுப்பிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவாள். எங்காவது ஒரு கோடு விலகியிருந்தால் அன்றைக்கு யாருக்கும் நல்ல வார்த்தை கிடைக்காது.

சுவரில் அவள் கையால் ஒட்டிய தாள் ஒன்று இருந்தது. மேலே யாரோ பேனாவால் ‘மோசேயின் தங்கச்சி தந்த பத்துக் கட்டளைகள்’ என்று எழுதிவிட்டார்கள். யாரோ என்ன, ஜிங்கிதான். முதல் மூன்று இவை: எழுத்தைப் படத்துக்குள் பூட்டாதே. படம் வராது என்றே நினைத்துக்கொள். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு வரி எழுதி வை. படம் வராவிட்டாலும் அந்த வரி போய்ச் சேரும்.

“மானாங், செருப்புக் கடை விளம்பரத்துக்கு இவ்ளோ பக்தியா?” என்பாள் ஜிங்கி. அந்த ஊரில் அக்காவுக்கு மானாங்.

“செருப்பா இருந்தா என்னடி? நான் இங்கேர்ந்து ஒண்ணு அனுப்பறேன். அங்க வேற ஒண்ணு போய்ச் சேர்ந்தா, அனுப்பினதுக்கு என்ன அர்த்தம்?”

வெளிநாட்டில் சிலர் சேர்ந்து, மெயில் புரோகிராம் செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே நெறியைப் பின்பற்றவேண்டும் என்று விண்ணப்பம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். மரிவிக் தன் பெயரையும் ஊரையும் போட்டாள். முதலாளி போயெத் எட்டிப் பார்த்தார். “ஃபமாதித், இலோய்லோ. இதைப் பார்த்ததும் அந்தப் பெரிய கம்பெனிக்காரன் காய்ச்சல்ல படுத்துடுவான்.”

“படுக்கட்டும் சார். எந்திரிச்சதும் ஒழுங்கா செய்யட்டும்.”

சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு இது வேலை மட்டும் இல்லை. ஏன் என்று தெரிய அவளுடைய பழைய கதை கொஞ்சம் தெரியவேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் மரிவிக் அதே நகரத்தில் லா பாஸ் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் இன்டர்நெட் கடையில் இருந்தாள். கப்பல்காரர்களின் ஊர் அது. மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் மகனோ புருஷனோ ஏதாவது ஒரு கடலில் இருப்பான். சந்தைக்கு வரும் பெண்கள் மீன் கூடையோடு அவள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் தட்டி கப்பலுக்கு அனுப்புவாள். “பன்னி குட்டி போட்டுச்சுன்னு எழுது. ஒன்பது. ஒண்ணு செத்துப்போச்சு. அதை எழுதாதே, மனசு கஷ்டப்படுவான்.” கப்பல் மெயில் என்பது செயற்கைக்கோள் வழியாகத் துளித்துளியாகப் போவது. அதில் படம் போகாது, அலங்காரம் போகாது. வெறும் எழுத்து மட்டும்தான் கரை தாண்டும். அந்தப் பாடத்தை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்தப் பெண்களிடம் படித்தாள்.

அப்படி ஒரு தாய்க்காக அவள் இரண்டு வருஷம் மெயில் தட்டினாள். மகன் ரெனாந்தே, இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் எஞ்சினியர். அவன் விடுமுறையில் வந்தபோது நேரே கடைக்கு வந்து நின்றான்.

“எங்கம்மாவுக்கு ரெண்டு வரி சேர்ந்தாப்ல பேச வராது. இந்த ரெண்டு வருஷமா என்னை அழவெச்சது யாருன்னு பார்க்க வந்தேன்.”

“உங்கம்மா சொன்னதைத்தான் அடிச்சேன்.”

“‘உன் தட்டு காலியா இருக்கு, ஆனா தினம் கழுவி வைக்கிறேன்’னு எங்கம்மா சொன்னாங்களா?”

மரிவிக்குக் காது வரை சூடேறியது. அந்த வரி அவள் சேர்த்தது. ஆறு மாதத்தில் கல்யாணம் நடந்தது.

ஒன்பது வருஷம் ஆயிற்று. ஒன்பது வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் இருபத்து மூன்று மாதம். பிள்ளை இல்லையா என்று கேட்பவர்களிடம், “கப்பல்லேர்ந்து மெயில்தான் வரும், பிள்ளை வராது” என்று சொல்லித் தானே முதலில் சிரித்துவிடுவாள். அவளுக்கு முப்பத்தாறு வயசு ஆகியிருந்தது. படுக்கையில் அவன் பக்கத்துத் தலையணைக்கு மாதம் ஒரு முறை உறை மாற்றுவாள், யாரும் தலை வைக்காத தலையணைக்கு. அவன் வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. சாப்பிடும்போது, ஜீப்னி வண்டியில் பக்கத்து இடம் காலியாகும்போது, மழை வரும்போது எல்லாம் இருந்தது. ஆனால் ஒரு தடவைகூட அவனிடம் அவள் அதைச் சொன்னதில்லை. ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு முறையும், “நீட்டிக்கச் சொல்றாங்க, என்ன செய்ய?” என்று அவன் கேட்பான். “உன் இஷ்டம்” என்று எழுதுவாள். போகிறவனைப் பிடித்து இழுக்கிற பெண்டாட்டி என்ற பேர் தனக்கு வரக்கூடாது என்ற வீம்பு. அந்த ஊர்ப் பெண்கள் பாதிப் பேருக்கு இந்த நோய் உண்டு.

அந்த மார்ச் மாதக் கடைசியில் பிரேசில் பக்கமிருந்து ரெனாந்தேயின் மெயில் வந்தது. ‘மே மாதம் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் நாலு மாதம் இருக்கச் சொல்கிறார்கள். ஏப்ரல் பத்துக்குள் பதில் வேண்டும். இந்தத் தடவை இஷ்டம் கிஷ்டம் எல்லாம் வேண்டாம் மரி. வா என்றால் வருகிறேன். நீ சொன்னால்தான்.’

மரிவிக் அதை எத்தனை முறை படித்தாள் என்று கேட்காதீர்கள். மே மாதம் என்றால் கிமாரஸ் தீவிலிருந்து மாம்பழம் படகு படகாக வந்து இறங்கும் மாதம். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு மாம்பழக் காலத்திலும் அவன் ஊரில் இருந்ததில்லை. இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் சனி பிடித்தது. போன விடுமுறையில் அவன் ஒரு நாள் விளையாட்டாகச் சொல்லியிருந்தான்: “உன் கையெழுத்து எப்படியிருக்கும்னே எனக்குத் தெரியாது. நீ எனக்கு எழுதினதெல்லாம் அச்சு. பிறந்தநாள் வாழ்த்துகூட அச்சுதான்.” அது அவள் மனசில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்லப்போகிற வார்த்தை. அதைச் செருப்பு விளம்பரம் போலத் தட்டி அனுப்புவதா?

கோடு போட்ட தாளில் பேனாவால் எழுதினாள். நாலு தாள் கிழித்து ஐந்தாவது தேறியது. ‘ரெனான், வா. எனக்கு உன் சம்பளம் வேண்டாம், நீ வேண்டும். வீட்டுக்குள் பேசுவதற்கு ஆள் வேண்டும். சண்டை போடவும் ஆள் வேண்டும். இதை முன்னாலேயே சொல்லியிருக்கவேண்டும். வா.’

ஈஸ்டர் வாரத்தில், பெரிய வியாழனுக்கு முந்தின நாள், அலுவலகத்தில் எல்லோரும் நாலு நாள் விடுமுறைக்குப் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அந்தத் தாளை ஸ்கேன் செய்து படமாக்கி, சுற்றிலும் மெல்லிய நீலக் கரை போட்டு, மெயிலின் நடுவில் வைத்தாள். ஜிங்கி பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியாது.

“அடியாத்தே! எழுத்தைப் படத்துக்குள்ள பூட்டறது யாரு? முதல் கட்டளை என்ன ஆச்சு மானாங்?”

“போடி. இது மெயில் இல்ல. லெட்டர்.”

“கப்பல்ல படம் வருமா?”

“கிறிஸ்துமஸுக்கு அவர் எனக்குப் போட்டோ அனுப்பினாரே. புதுக் கப்பல். எல்லாம் வரும்.”

அந்தப் போட்டோவை அவன் ராட்டர்டாமில் கரைக்கு இறங்கி, மாலுமிகள் விடுதிக் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினான் என்பதை அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேட்க அவளுக்கு மனசும் இல்லை. ஆசை வந்தவளுக்கு அறிவுரை எதற்கு!

படத்துக்குப் பின்னால் வரி எழுதும் இடத்துக்கு வந்ததும் அவள் கை பழக்கத்தில் தட்டத் தொடங்கிவிட்டது. ‘வா’ என்று தட்டியும் விட்டாள். அப்புறம் பார்த்தாள். படம் மெதுவாகத்தான் இறங்கும். அதற்கு முன்னால் இந்த அச்சு ‘வா’ அவன் கண்ணில் பட்டுவிடும். முதலில் பார்ப்பது தன் கையெழுத்தாக இருக்கவேண்டும் என்று நினைத்தாள். அந்த ஒரு எழுத்தை அழித்தாள். இடத்தை வெறுமையாக விட்டு, மெயிலை அனுப்பினாள். ஏழு கம்ப்யூட்டரில் எதிலும் போட்டுப் பார்க்கவில்லை.

பெரிய வெள்ளியன்று ஊர்வலத்தில் மெழுகுவர்த்தியோடு நடந்தாள். மனசு முழுக்க ஒரே கணக்கு, இந்நேரம் படித்திருப்பான். உயிர்ப்பு ஞாயிறு போயிற்று. திங்கள், செவ்வாய். கிணற்றில் போட்ட கல்தான். ஏப்ரல் பத்தும் போயிற்று. பன்னிரண்டாம் தேதி ஒரு மெயில் வந்தது.

‘கையெழுத்துப் போட்டுவிட்டேன். செப்டம்பர்.’

அவ்வளவுதான். ஒரு வரிக்கு மேல் ஒரு எழுத்து இல்லை.

மரிவிக் மெயிலை மூடினாள். உள்ளதை எல்லாம் பிட்டுப் பிட்டு வைத்திருக்கிறாள், அதற்கு இதுவா பதில்? ‘வா என்றால் வருகிறேன்’ என்றவன் வாயில் என்ன கொழுக்கட்டையா? கெஞ்சினதுதான் தப்பு என்று அவளுக்குப் பட்டது. ஒன்பது வருஷமாகக் காப்பாற்றி வைத்திருந்த வீம்பை ஒரே நாளில் கொட்டிக் கவிழ்த்தோமே என்று கூசியது. அவளும் எழுதவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம்.

மாம்பழம் வந்தது. தெருவெல்லாம் அதன் வாசனை. வேண்டாம் வேண்டாம் என்று நாலு நாள் கடந்து போய், ஐந்தாம் நாள் இரண்டு வாங்கினாள். ஒன்றைத் தின்றாள். ஒன்றைக் குளிர்பெட்டியின் பனித்தட்டில் வைத்தாள், செப்டம்பர் வரைக்கும் இருக்கட்டும் என்று. அத்தனை கோபத்திலும் வைத்தாள். அடுத்த வாரம் பதினோரு மணி நேரம் கரண்ட் போய், அது அழுகி, தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அன்றைக்குத்தான் அவள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மாம்பழத்துக்காக என்று பக்கத்து வீட்டுக்காரி நினைத்துக்கொண்டாள்.

மே இருபதாம் தேதி பகல் பதினோரு மணிக்கு அலுவலகத்தில் அவள் கைபேசி அடித்தது. நீளமான எண். டர்பன் துறைமுகத்திலிருந்து ரெனாந்தே.

“மரி, என் மேல கோவமா?”

“எனக்கென்ன கோவம். நீங்க பெரிய எஞ்சினியர். நாலு மாசம் என்ன, நாப்பது மாசம் இருங்க.” கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை வந்துவிடும்.

“நீதானே ஒண்ணும் சொல்லலை.”

“சொல்லலையா? இதுக்கு மேல என்னத்தைச் சொல்ல? வெக்கத்தை விட்டு எழுதியிருந்தேனே!”

தொலைவில் கொஞ்சம் இரைச்சல். அப்புறம் அவன் குரல் தயங்கி வந்தது. “எழுதியிருந்தியா? வெறும் கட்டம்தானே வந்துச்சு. மூலையில சின்னதா சிவப்புப் பெருக்கல் குறி. வேற ஒண்ணும் இல்லையே.”

மரிவிக் நின்ற இடத்திலேயே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

“கப்பல்ல படத்தை எல்லாம் வெட்டிடுவாங்க மரி. உனக்குத் தெரியாதா?”

“உனக்குத் தோணலையா? ஏதோ கோளாறுன்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?”

“கேட்டிருப்பேன். வேற யார் அனுப்பியிருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனா அனுப்பினது நீ. உன் கையிலேர்ந்து ஒரு மெயில் தப்பா வருமா? இத்தனை வருஷத்துல ஒரு புள்ளி மாறி வந்ததில்ல. நீ வெறுமையா அனுப்பினா, சொல்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்னு நெனச்சேன். ‘உன் இஷ்டம்’னு எழுதிக்கூட அலுத்துப்போச்சு போலன்னு...”

அதற்கு மேல் அவன் சொன்னது பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. “என்ன எழுதியிருந்தே?” என்று அவன் கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. பத்துப் பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் தொலைபேசி அட்டையில் இருந்த நிமிஷங்கள் தீர்ந்து லைன் அறுந்தது.

சுவரில் இருந்த தாளை நிமிர்ந்து பார்த்தாள். ஊருக்கு உபதேசம்! பெரிய கம்பெனியைத் திட்ட முடியாது, புரோகிராமைத் திட்ட முடியாது. நெறி இருந்தது. அவளே எழுதி, அவளே ஒட்டி, எட்டு வருஷமாக அடுத்தவர்களை அதற்காகத் திட்டியும் இருக்கிறாள். ஒரே ஒரு எழுத்து, அழிக்காமல் விட்டிருந்தால் போதும். ரெனாந்தே இப்போது இங்கே இருந்திருப்பான்.

“மானாங், தண்ணி குடி” என்றாள் ஜிங்கி. அன்றைக்கு அவள் கேலி செய்யவில்லை.

அன்று சாயங்காலமே மரிவிக் கப்பலுக்கு எழுதினாள், வெறும் எழுத்தில். ‘தப்பு என்னுடையது. எழுதினதை நேரில் தருகிறேன். பத்திரமாக இரு.’ அந்தக் கடிதத்தைத் தட்டி அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. கையெழுத்துப் போட்டவனிடம் ‘வா’ என்று சொல்லி அவனை நாலு மாதம் வதைப்பானேன் என்று விட்டுவிட்டாள். அந்த நாலு மாதத்தில் அவள் கட்டிய எந்த மெயிலிலும், பூக்கடையின் சின்ன இலைப் படமாக இருந்தாலும், பின்னால் வரி இல்லாமல் வெளியே போகவில்லை. “இலைக்குப் பின்னாடி என்ன எழுதறது?” என்று ஜிங்கி கேட்டாள். “இலைன்னு எழுது. அங்க ஒருத்தர் காத்துக்கிட்டிருக்கலாம்” என்றாள்.

செப்டம்பரில் ரெனாந்தே வந்தான். கறுத்து இளைத்திருந்தான். பான்சித் மோலோ சூப்பை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தான். கப்பல் பிரின்டரில் அச்சடித்தது. மேலே அவள் பெயர், தேதி. நடுவில் காலிக் கட்டம், மூலையில் பெருக்கல் குறி. ஓரமெல்லாம் எஞ்சின் எண்ணெய் விரல் தடம். நாலு மூலையிலும் ஒட்டுத்தாள் பிய்ந்த அடையாளம்.

“இதை எதுக்கு அச்சடிச்சே?”

“உன்கிட்டேர்ந்து வந்ததாச்சே. படுக்கைக்கு மேல ஒட்டியிருந்தேன். கூட இருந்தவங்க, ‘பெண்டாட்டி ஜன்னல் அனுப்பியிருக்கா’ன்னு கிண்டல் பண்ணாங்க.”

மரிவிக் எழுந்து போய், அலமாரியில் நல்ல துணிபோல மடித்து வைத்திருந்த கோடு போட்ட தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான். “நல்ல கையெழுத்து” என்றான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நவம்பர் பிறந்த வாரத்தில் கப்பல் ஏஜென்சியிலிருந்து அவன் கைபேசிக்கு அழைப்பு வந்தது. நல்ல கப்பல், பதினைந்தாம் தேதி கிளம்பவேண்டும், இன்றைக்கே பதில் வேண்டும். அவன் கைபேசியைக் கையால் மூடிக்கொண்டு சமையற்கட்டுப் பக்கம் திரும்பினான்.

“என்ன சொல்லட்டும் மரி?”

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். ‘உன் இஷ்டம்’ நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒன்பது வருஷப் பழக்கம். ஈரக் கையைத் துடைக்கக்கூட நிற்காமல் சொன்னாள்.

“போகாதே.”

“என்னது?”

“காது செவிடா? போகாதே. இங்கயே இரு. எனக்கு நீ வேணும்.”

ரெனாந்தே கைபேசியைக் காதில் வைத்து, “இந்தக் கப்பல் வேணாம் சார், மாம்பழம் முடிஞ்சப்புறம் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு வைத்தான். அப்புறமும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்ன பார்வை? கேட்டுச்சா, இல்லையா?”

“கேட்டுச்சு” என்றான். “வந்து சேர்ந்துச்சு.”